பின் சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. உத்திரமேரூரில் ஒரு சில்லறை வேலையை முடித்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். காரில் என்னைத் தவிர யாரும் இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து ஙொய்யென்று ஓர் இழுவை. பக்கத்து ஊரில் மாவு மிஷின் ஓடினால் காற்றோடு வருமே, அந்த மாதிரி. வெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஏற்றினால் மறுபடியும் ஙொய்.

வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டித் தாளில் ‘வண்டியில் புதுச் சத்தம்’ என்று எழுதிவைத்தேன். வேலைக்காலம் முழுக்கப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். தேதி இல்லாத காகிதத்தை நம்பாத பழக்கம் அங்கே வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அன்றன்றைக்கு நடந்ததை ஒரு வரியாவது எழுதாமல் தாளைக் கிழிப்பதில்லை. மழை பெய்தது, ஏரி நிரம்பியது, யார் வீட்டில் கன்று போட்டது எல்லாம் அதில் இருக்கும். ஆனி மாதத்திலிருந்து பெரும்பாலான தாள்களில் ‘போன் வந்தது’ என்பதும் இருக்கும்.

ஆனியில்தான் என் மனைவி புனேவுக்குப் போனாள். மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் அது தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் இவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாததால் தாய் மகள் வீட்டுக்குப் போனாள். அரக்கோணத்தில் அவளை ரயிலேற்றிவிட்டு இதே காரில் தனியாகத் திரும்பி வந்தேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நவராத்திரி ஆயிற்று. பிறகு தீபாவளி. தீபாவளி சமயத்தில் குழந்தைக்குச் சளி. மருமகன் வேலைக்குப் போகிறவர். மகள் பிரசவ லீவில் இருந்தாலும் பச்சைக் குழந்தையோடு தனியாக என்ன செய்வாள்? அவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. போனில் குழந்தை தும்முவதையும் கொட்டாவி விடுவதையும் கேட்டுச் சிரிப்பேன். பேச்சு முடிந்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிடும். ராத்திரி கொல்லைக் கதவைச் சாத்த நான் மறந்துபோவேன். அது எப்போதும் அவள் சாத்துகிற கதவு. காலையில் எழுந்து பார்த்தால் சமையலறையில் பூனை உட்கார்ந்திருக்கும்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு மாலை போனில் சொன்னாள், மார்கழிக் கடைசியில் வருவதற்கு டிக்கெட் போட்டாயிற்று என்று. அன்றைய தாளில் அதை மட்டும்தான் எழுதினேன்.

அதற்குள் சத்தம் கூடிக்கொண்டே போயிருந்தது. அந்த வாரம் காஞ்சிபுரம் போனபோது, பாலாற்றின் மேலுள்ள ஓரிக்கைப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. மிதிக்கிறேன், குலுங்குகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை. பின்னால் வந்த பேருந்துக்காரர் தலையை வெளியே நீட்டி என்னவோ திட்டிவிட்டுப் போனார். இதை நான் வாய் தவறிப் போனில் சொல்லிவிட்டேன். உடனே மகள் போனை வாங்கி, அம்மாவை அழைத்துவர அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகவே கூடாது, வாடகை வண்டி பேசிவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் வாடகை வண்டி என்றால் ஓட்டுநர் ஒருவர் இருப்பார். மூன்றாம் மனிதர் இருக்கும் இடத்தில் என் மனைவி பேச மாட்டாள். அரக்கோணத்திலிருந்து எங்கள் ஊருக்கு அறுபது கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் விளக்குமாறு, பாத்திரம், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் என்று பேச்சு சிதறிப்போகும். அந்த அறுபது கிலோமீட்டர்ப் பேச்சுக்காகத்தான் நான் ஆனியிலிருந்து காத்திருந்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் உத்திரமேரூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். கை வேலையாக இருந்த மனிதர், வண்டிக்கு அருகில்கூட வராமல் பின் சக்கர பேரிங் என்றார்.

“வண்டிக்கு வயசாயிடிச்சு சார். நமக்கு மட்டும் முட்டி சத்தம் போடலயா? ரெண்டு பேரிங்கும் மாத்திடலாம், வுட்டுட்டுப் போங்க.”

நான் விட்டுவிட்டு வரவில்லை. பேரிங் என்றால் சக்கரம் சுழல வேண்டும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்து கேட்டேன். சக்கரம் சுழலாமலே சத்தம் இருந்தது. அப்படியானால் பேரிங் இல்லை. அடுத்து இன்ஜினையும் ஓட்டாமல் சாவியை மட்டும் ஒரு கட்டம் திருப்பினேன். பின்னாலிருந்து ஙொய்யென்று கிளம்பி, மூச்சு விடுகிற நேரத்தில் நின்றுவிட்டது. எடுத்துவிட்டு மறுபடி திருப்பினேன். மறுபடியும் கிளம்பி நின்றது. இன்ஜினே ஓடாதபோது, சாவியைத் திருப்பினதும் தானாக ஓடி நிற்கிற பொருள் இந்த மாதிரிக் காரில் பின்பக்கம் ஒன்றுதான் உண்டு என்று படித்திருக்கிறேன். பெட்ரோல் பம்ப். பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முங்கிக் கிடக்கும் சின்ன மோட்டார். இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடுவது அதன் வேலை. பின் சீட்டில் காதை வைத்துப் படுத்துக் கேட்டேன். அங்கேதான் இருந்தது.

இடம் தெரிந்தது. காரணம் தெரியவில்லை. பம்பே தேய்ந்துபோய்க் கத்துகிறதா, இல்லை நல்ல பம்ப் எதனாலோ திணறுகிறதா? மெக்கானிக்கிடம் மறுபடி போனால் புதுப் பம்ப் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்பார். பழைய வண்டி, உடனே கிடைக்காது. கிறிஸ்துமஸ் வேறு வருகிறது. அவர் சர்ச் குழுவில் இருப்பவர், அந்த வாரம் முழுக்கக் கடை திறக்க மாட்டார்.

அன்று மாலை மனைவியிடமிருந்து போன் வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. போனைப் பின் சீட்டில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஓடி நின்றதும் எடுத்து, கேட்டதா என்றேன்.

“இதுவா? இது எப்பவும் கீறதுதானே” என்றாள்.

நான் எப்போதுமா என்று கேட்டேன்.

“நான் குந்துற எடத்துக்குக் கீயதானே கீது. சாவி போட்டா ஒரு தபா முனகும். அப்பால சும்மா கெடக்கும். இப்ப இன்னா இப்படி அழுவுது?”

அவள் எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள். கார் வாங்கிய புதிதில் என் அம்மாவுக்குக் கால் மடக்க முடியாது என்பதால் முன் சீட்டு அம்மாவுக்கு என்று ஆயிற்று. அம்மா காலமான பிறகும் இவள் முன்னால் வந்து உட்காரவில்லை. பின்னால் காலை நீட்டிக்கொள்ளலாம் என்பாள். வண்டிக்குள் எங்கள் பேச்செல்லாம் தலைக்கு மேலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகத்தான். அதில் அவள் நெற்றியும் கண்களும் மட்டும் தெரியும்.

எப்போதிலிருந்து முனகுகிறது என்று கேட்டேன்.

“தேதி கேப்பீங்கன்னு தெரியும். பொங்கலுக்கு சாமி பார்வேட்டைக்கு வருதுன்னு திருமுக்கூடல் போனோமே, ஆத்து மணல்ல வண்டி சிக்கிக்கினு ஊரே வந்து தள்ளிச்சே, அன்னிலேர்ந்து.”

அது எந்தப் பொங்கல் என்று எனக்குத் தெரியும். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா நீங்க சீட்டக் கயட்டிப் போட்டுக்கினு குந்திடுவீங்க” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “ஏங்க, கைமாத்து பெட்ரோல யாரு வடிகட்டறாங்க?”

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

எங்கள் தெருவில் கார் எங்களுடையது ஒன்றுதான். பெட்ரோல் பங்கு உத்திரமேரூர் போகும் வழியில், தொலைவில் இருக்கிறது. நெல்லுக்கு மருந்தடிக்கிற இயந்திரத்தில் நடுவயலில் பெட்ரோல் தீர்ந்துபோனால் யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஒரு ரப்பர்க் குழாயும் பாட்டிலுமாக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போவார்கள். காபித்தூள், உறைமோர் மாதிரி அதுவும் ஒரு கைமாற்று. எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். திருப்பும்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, மூடியைத் திறந்து ஊற்றிவிட்டுப் போகலாம். மூடியின் பூட்டு கெட்டுப் பல காலம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரர்தான் அடிக்கடி எடுப்பவர். புரட்டாசியிலிருந்து இந்தப் போகத்துக்கு அவர் பல தடவை எடுத்தார், திருப்பியும் ஊற்றினார். கணக்கில் சுத்தமான மனிதர்.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் என் மனைவி உள்ளேயிருந்து ஒரு பழைய வேட்டித் துணியோடு வெளியே போவாளாம். துணியை நாலாக மடித்து டேங்கின் வாயில் பிடித்துக்கொள்வாளாம். அதன் வழியாகத்தான் ஊற்றவிடுவாளாம். அந்த நேரத்தில் நான் உள்ளே எதையாவது படித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனியிலிருந்து அந்தத் துணியைப் பிடிக்க ஆள் இல்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் மாட்டுக் கொட்டகையிலிருந்து கேனை எடுத்துவந்து காட்டினார். வைக்கோல் போருக்குப் பக்கத்தில், மூடியில்லாமல் கிடந்த கேன். அடியில் தவிட்டு நிறத்தில் வண்டல் ஒட்டியிருந்தது.

“அண்ணி இருந்தா துணி புடிப்பாங்க ண்ணா. அவங்க போன அப்பால மொத தபா ஊத்தறப்ப நீங்க ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தீங்க. ஒண்ணும் சொல்லல. சரி, இவுரு வண்டி பதரையும் தின்னும் போலன்னு நெனச்சிக்கினேன்” என்றார்.

மெக்கானிக்கிடம் மறுபடி போனேன். பம்பை மாற்ற வேண்டாம், முதலில் வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். இல்லை, புதுசுதான் போட வேண்டும், பழசை எடுத்தால் எடுத்த இடத்தில் உட்காராது என்று அவர் வாதாடினார். நானும் விடவில்லை. கடைசியில், உள்ளே குப்பை இல்லாவிட்டால் அவருடைய சர்ச்சுக்கு நட்சத்திர விளக்கு நான் வாங்கித் தர வேண்டும் என்று முடிவாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பின் சீட்டைக் கழற்றினார்.

சீட்டுக்கு அடியில் கொடுக்காப்புளி விதைகள் கருகருவென்று கொட்டிக் கிடந்தன. நடுவே இரண்டு கொண்டை ஊசி, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை. கொடுக்காப்புளி வயிற்றுக்கு ஆகாது என்று டாக்டர் அவளுக்குச் சொல்லியிருந்தார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து எனக்குத் தெரியாமல் அதைத்தான் தின்றுகொண்டு வந்திருக்கிறாள். சீட்டைக் கழற்றக் கூடாது என்று அவள் நினைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது.

“அம்மா ஒரு தோப்பே வெச்சிக்கீறாங்க சார்” என்று மெக்கானிக் விதைகளைக் கையால் தள்ளினார். நான் குனிந்து அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பம்பை மூடியிருந்த தகட்டை அவிழ்த்து, குழாயைக் கழற்றி, பம்பை மெல்லத் தூக்கினார். அதன் அடியில் பெட்ரோலை வடிகட்டுகிற சின்ன வலைப் பை ஒன்று உண்டு. வெள்ளையாக இருக்க வேண்டிய அது, சாணி தட்டினது போல இருந்தது. பதரும் வைக்கோல் தூளும் ஊறிப் பிசினாகி வலையை மூடியிருந்தன. பம்ப் அதன் வழியாக உறிஞ்சப் பார்த்து உறிஞ்சப் பார்த்துத் திணறியிருக்கிறது. அந்தத் திணறலைத்தான் நான் ஐப்பசியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், களத்துமேட்டயே உள்ள கொட்டிக்கீறீங்க?”

டேங்கைச் சுத்தம் செய்து, உள்ளூரிலேயே கிடைத்த புது வலையை மாட்டி, அதே பம்பை இறக்கினார். சாவியைத் திருப்பினேன். மெலிதாக ஒரு முனகல், பிறகு அமைதி. இன்ஜினை ஓட்டினாலும் அமைதி. ஜெயித்தது நான்தான் என்றாலும் நட்சத்திர விளக்கை வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வண்டியை எடுத்து எங்காவது போய்வந்தேன். ஓரிக்கைப் பாலத்தின் மேல் இருமுறை ஏறி இறங்கினேன். பின் சீட்டைத் துடைத்து, தலையணை ஒன்றும் வைத்தேன். கண்ணாடியில் அந்தத் தலையணை தெரியும்.

அவள் வந்த நாள் மார்கழிக் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. எங்கள் காரைத்தான் கொண்டுபோகிறேன் என்று மகளிடம் நான் சொல்லவில்லை. அரக்கோணத்தில் ரயில் நின்றதும், நான் நின்ற இடத்திலிருந்து நாலைந்து பெட்டி தள்ளி அவள் இறங்கினாள். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு நீலச் சால்வை. கன்னம் ஒட்டியிருந்தது. அருகில் வந்ததும் அவளிடமிருந்து குழந்தை எண்ணெய் வாசனை வந்தது.

“இன்னா, இப்படி எளச்சிட்டீங்க?” என்றாள். நானும் அதையேதான் கேட்க வாயைத் திறந்திருந்தேன்.

வண்டியைப் பார்த்ததும் நின்றாள். பிறகு பின் கதவைத் திறந்து ஏறி, காலை நீட்டிக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ம், இது பழைய முனகல்தான். போலாம்” என்றாள்.

காஞ்சிபுரம் வருகிற வரையில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். குழந்தைக்கு வலது கன்னத்தில்தான் குழி விழுகிறது. மேல்மாடிக் கிழவிக்கும் இவளுக்கும் ஒரு வார்த்தைகூடப் பொது பாஷை இல்லை, ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். அங்கே வெங்காயம் கடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். மருமகன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடினால் அது விழித்துக்கொண்டு அழும். நான் கண்ணாடியில் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எதையும் தாளில் எழுத வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பாலாற்றில் தண்ணீர் நிறையவே ஓடிக்கொண்டிருந்தது. பாலத்து ஏற்றத்தை வண்டி சிரமமே இல்லாமல் ஏறியது. மாகறலில் டீ குடிக்க நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கிளாஸைக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பொங்கல் முடிஞ்சி ரெண்டு வாரத்துல திரும்பிப் போறதுக்கும் டிக்கெட் போட்டுக்கீறாங்க. அவளுக்கு லீவு முடியுது. கொயந்த நடக்கற வரிக்கும் நான் இருந்தாதான் ஆவும்.”

அவள் கிளாஸில் மிச்சமிருந்த டீயை நான் வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் வந்து காலி கிளாஸை வாங்கிக்கொண்டு போனார்.

“போன்ல சொல்லலாம்னுதான் பாத்தேன். நேர்ல சொல்றதுதான் நல்லதுன்னு தோணிச்சு” என்றாள். பிறகு, “போறப்பவும் இதுலயே கொண்டாந்து வுட்டுடுங்க. வாடக வண்டி வாணாம்” என்றாள்.

சரி என்றேன். நீ போய்த்தான் ஆக வேண்டும் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. போகாதே என்றும் சொல்ல முடியவில்லை. வண்டியை எடுத்தேன்.

மாகறலைத் தாண்டினால் சாலை நேராகப் போகும். இருபுறமும் கதிர் சாய்ந்த நெல். ஊர் வருவதற்கு அதிக நேரம் ஆகாது. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த நெல் லாரி ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப் போனது. ஒரு மொபெட்டும் தாண்டிப் போனது. அதில் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் மடியில் ஒரு கட்டுக் கரும்பை வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் முன்னால் சாய்ந்து, என் சீட்டின் மேல் கை வைத்தாள்.

“இன்னாங்க, மறுபடியும் இயுக்கலயா?”

“நல்லாத்தான் இழுக்குது” என்றேன். “அந்த மேல்மாடிக் கிழவி கதைய மறுபடி சொல்லு.”